நாற்பது கிலோ வஞ்சிரம்

கீழ்க்கட்டளையில் நான் வேலை பார்க்கும் குடியிருப்புக்கு 'ஓஷன் மிஸ்ட்' என்று பெயர். கடல் அங்கிருந்து பத்துக் கிலோமீட்டர். ஒன்பதாவது மாடியில் நின்று கிழக்கே பார்த்தால் இன்னும் ஐந்து அடுக்குமாடிகள் தெரியும். மேற்கே ஏரி. அதை ஆகாயத்தாமரை மூடியிருக்கும். அந்தப் பக்கத்து வீடுகளை 'லேக் வியூ' என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்றிருக்கிறார்கள். வாங்கியவர்கள் கொசு வலைக்கும் சேர்த்துச் செலவு செய்துவிட்டு ஜன்னலை மூடியே வைத்திருக்கிறார்கள்.

நான் இன்ஜினியரிங்கை இரண்டாம் ஆண்டில் விட்டவன். பிறகு ஐந்து வருடம் இரவு ஷிப்டில் உட்கார்ந்து, அமெரிக்கர்களின் பல் வைத்தியச் செலவை இன்ஷூரன்ஸ் ஏன் தராது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அதையும் விட்டேன். இப்போது இங்கே எஸ்டேட் ஆபீசில் பகல் வேலை. லிஃப்ட் நின்றால் மெக்கானிக்குக் கூப்பிட வேண்டும். தண்ணீர் லாரிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். சங்கச் செயலாளர் தாமோதரன் சொல்வதைத் தட்டி வாட்ஸ்ஆப் குழுவில் போட வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். இவர்களைப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு அமெரிக்கர்கள் மேல் எனக்கிருந்த கோபம் தணிந்துவிட்டது.

வளாகத்துக்குள் மீன்காரர்கள் வரக் கூடாது. லிஃப்டில் நாற்றம் தங்குகிறது என்று மூன்று வருடத்துக்கு முன்னால் தீர்மானம் போட்டிருந்தார்கள். அந்த அறிவிப்பை அடித்து கேட்டில் ஒட்டியது நான்தான். அதனால் கோவளத்திலிருந்து வரும் குப்பம்மா கேட்டுக்கு எதிரே, சாலையோரத்தில், இரண்டு அலுமினிய அன்னக்கூடைகளையும் அரிவாள்மனையையும் வைத்துக்கொண்டு உட்காருவாள். வீட்டில் சிக்கன் நகட்ஸ் பொரித்து லிஃப்ட் வரைக்கும் மணக்கவிடும் அதே ஆட்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் அவளிடம் மீன் வாங்கி, மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே எடுத்து வருவார்கள்.

இந்த ஏப்ரலில் அந்தச் சாலையோரத்தை மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிவிட்டார்கள். குப்பம்மா நகர்ந்து நகர்ந்து டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போனாள். அங்கே நிழல் இல்லை. அதைவிட முக்கியம், தண்ணீர் இல்லை. மீனை வெட்டிக் கழுவித் தராவிட்டால் இங்கே ஒருவரும் வாங்க மாட்டார்கள். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். குடம் காலியான பிறகு வருகிறவர்கள் திரும்பிப் போவார்கள்.

"பின்னாடி கேட்டாண்ட ஒரு கொழா கீதே தம்பி, ஜெனரேட்டர் ஷெட்டுப் பக்கம்," என்றாள் என்னிடம். "ஞாயித்துக்கெழம மட்டும் அங்க குந்திக்கிறேன்னு அந்தாள்கிட்ட கேட்டு சொல்லேன். இல்லாங்காட்டி இந்த ஏரியாவே வேணாம்னு போவ வேண்டியதுதான். பதினோரு வருசமா வந்துகினு கீறேன்."

கேட்டேன். தாமோதரன் யோசித்தார். அவர் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவர். எதைக் கேட்டாலும் முதலில் யோசிப்பது போல முகத்தை வைத்துக்கொள்வார்.

"ஃபெஸ்ட் முடியட்டும் விக்கி. அதுல அவங்க கோஆப்பரேட் பண்ணா, கமிட்டில பேசி பெர்மிஷன் வாங்கித் தரேன்."

ஃபெஸ்ட் என்பது கடற்கரை உணவுத் திருவிழா. ஏழு மாநிலங்களின் மீன் சமையல், ஏழு வீடுகளுக்கு இடையே போட்டி. மே மாதக் கடைசி ஞாயிறு. பள்ளி விடுமுறை என்பதால் அந்தத் தேதி. அது மீன்பிடித் தடைக்காலம் என்பதும், ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை பெரிய படகுகள் கடலுக்குப் போகாது என்பதும் கமிட்டியில் ஒருவருக்கும் தெரியவில்லை. கடல் என்பது வருடம் முழுக்கத் திறந்திருக்கும் சூப்பர் மார்க்கெட் என்று நினைத்திருக்கிறார்கள்.

போன வருடப் போட்டியில் ஒருவர் நார்வே சால்மன் வாங்கி வந்து சமைத்துப் பரிசு வாங்கிவிட்டார். சண்டை ஆறு மாதம் ஓடியது. அதனால் இந்த வருடம் தாமோதரன் ஒரு விதி கொண்டுவந்தார். எல்லோருக்கும் ஒரே மீன். ஒரே எடை. ஒரே அளவுத் துண்டு. சங்கமே மொத்தமாக வஞ்சிரம் வாங்கிக் கொடுக்கும், செலவை ஏழு வீடுகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

"லெவல் ப்ளேயிங் ஃபீல்டு," என்றார். அதையும் அப்படியே தட்டிக் குழுவில் போட்டேன்.

கொல்கத்தாக்காரப் பெண்மணி, கடுகு அரைத்த குழம்புக்கு ஹில்சா வேண்டும் என்று ஆபீசில் வந்து நின்றார். மங்களூர் வீட்டிலிருந்து, நாங்கள் செய்வது கிழங்கான், அதை முழுசாகத்தான் வறுக்க வேண்டும் என்றார்கள். கோவாக்காரர் கானாங்கெளுத்தி கேட்டார். கோழிக்கோட்டு அம்மாள் மத்தி என்றார். பிறகு, மத்தி என்றால் சாதாரணமாக நினைப்பார்கள் என்று அவரே வாபஸ் வாங்கிக்கொண்டு தேங்காய்ப்பால் ஊற்றிய மொய்லிக்கு மாறினார். எல்லோருக்கும் தாமோதரன் ஒரே பதில் சொன்னார். "வெரைட்டி மசாலாலதான் சார் இருக்கு. ஃபிஷ் ஃபிஷ்தான்."

அந்த வாக்கியத்தை நான் மறக்கப் போவதில்லை. மீனைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஒருவர்தான் மீன் திருவிழா நடத்த முடியும்.

தமிழ்நாட்டுக்கு நின்றவர் ரோஸி. மூன்றாம் மாடி. ஓய்வுபெற்ற அரசு நர்ஸ், அறுபத்துநாலு வயது, சொந்த ஊர் படப்பைப் பக்கம். பதினோரு வருடமாகக் குப்பம்மாவிடம் மட்டும் மீன் வாங்குகிறவர். நெத்திலியும் மாங்காயும் போட்டுக் குழம்பு வைக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். வஞ்சிரம்தான் என்று சொன்னபோது, "சரி, எதையோ குடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை மீன் வந்தது. தாமோதரன் தானே போய் ஒரகடம் சாலையில் ஏதோ ஒரு குளிர்கிடங்கில் வாங்கிவந்திருந்தார். தெர்மகோல் பெட்டிகளில் ஐஸ். நாற்பது கிலோ. வெட்டிக் கொடுப்பதற்கு மட்டும் குப்பம்மாவைப் பின்கேட்டுக்குள் விட்டார்கள். முதல் முறையாக அந்தக் குழாயடியில் மனையைப் போட்டு உட்கார்ந்தாள். குழாயைத் திறந்து கையை நனைத்துப் பார்த்துவிட்டு மூடினாள்.

பெட்டியைத் திறந்தாள். ஒரு மீனைத் தூக்கினாள். தலை இல்லை.

"தல எங்க சார்?"

"தலைக்கு எதுக்கும்மா பணம் குடுக்கணும்? நான்தான் கட் பண்ணிடச் சொன்னேன். வெயிட் வேஸ்ட்."

"தடைக்காலத்துல நாப்பது கிலோ வஞ்சிரம் யாரு சார் குட்த்தது?"

"கான்டாக்ட்ஸ் இருக்கு."

அவள் மீனைத் திருப்பினாள். கட்டைவிரல் நகத்தால் தோலை எதிர்ப்பக்கமாக ஒரு முறை கீறினாள். பிறகு மீனைக் கீழே வைத்தாள்.

"கொழம்புக்கா, வறுவலுக்கா?"

இதை அவள் எல்லோரிடமும் கேட்பாள். குழம்புக்கு ஒரு வெட்டு, வறுவலுக்கு ஒரு வெட்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் அவள் கத்தியில் கை வைத்து நான் பார்த்ததில்லை.

"ரெண்டும் கிடையாதும்மா. ஸ்டாண்டர்டு. ஒன்றரை சென்டிமீட்டர். விக்கி ஸ்கேல் வெச்சிருக்கான்."

ஆமாம். என் கையில் ஸ்கேல் இருந்தது.

தாமோதரன் போனதும் குப்பம்மா சத்தம் வராமல் சிரித்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

"இது வஞ்சிரமே இல்லடா. சீலா. வஞ்சிரத்துக்கு உடம்புல புள்ளி இருக்கும், செதிலு இருக்காது. இதுக்குச் செதிலு கீது, புள்ளி இல்ல. சீலாவுக்கு மூஞ்சி நீட்டா, பல்லு பல்லா இருக்கும். தலயப் பாத்தா கொயந்தகூட கண்டுபுடிச்சிடும். வஞ்சிரத்துல பாதி வெலகூட போவாத மீனு. அதான் வெட்டிக் குட்த்துட்டானுங்கோ. இந்தாளும் நம்மகிட்ட நானே வெட்டச் சொன்னேன்னு பெருமையா சொல்லிகினு கீறாரு."

"சொல்லிடலாமா?"

"சொல்லு. உனுக்கு வேல போவும், எனக்குக் கொழா போவும். போயி சொல்லு, போ."

நான் போகவில்லை. அவள் வேலையைத் தொடங்கினாள். மூன்று மணி நேரம் செதில் சுரண்டினாள். சாதாரணமாக அவள் சுரண்டுவதைவிட இரண்டு மடங்கு கவனமாக, வால் ஓரம், வயிற்று மடிப்பு எல்லாம் விரலால் தடவித் தடவி. குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துத் தரையைக் கழுவினாள். நான் ஸ்கேல் வைத்தேன். ஒன்றரை சென்டிமீட்டர். நாற்பது கிலோவுக்கும்.

மறுநாள் கிளப் ஹவுஸில் ஏழு மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் அந்த மாநிலத்தின் வரைபடம். பிளாஸ்டிக் வலை, பிளாஸ்டிக் நட்சத்திர மீன், நங்கூரம் போட்ட தொப்பி. நடுவராக பென்னி என்ற சமையல்காரர் வந்திருந்தார். குரோம்பேட்டைக்காரர். யூடியூபில் பல லட்சம் பேர் பார்க்கிறார்கள் என்று அவரோடு வந்த பையன் நான்கு முறை சொன்னான். அவருக்குப் பின்னால் விளக்கு, கேமரா.

கடுகு விழுதில் ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகள் கிடந்தன. தேங்காய்ப்பாலில் ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகள். நெல்லூர் மாங்காய்ப் புளுசுக் குழம்பில் அவை உடைந்து போயிருந்தன. மங்களூர் நெய் வறுவலில் மசாலா மட்டும் சிவந்திருந்தது, உள்ளே மீன் வெந்தும் வேகாமலும் இருந்தது. கோவாக்காரர் புளிப்புக்கு கோகம் கிடைக்கவில்லை என்று வினிகர் ஊற்றியிருந்தார். மகாராஷ்டிரா மேஜையில் மால்வணத்து ஜோடி எல்லாவற்றின் மேலும் கொத்தமல்லியைத் தூவியிருந்தது. ஏழு மாநிலக் கரையும் ஆஸ்பத்திரிச் சாப்பாடு போல ஒரே அளவில் வரிசையாக இருந்தது.

பென்னி ஒவ்வொரு தட்டிலும் முள்கரண்டியால் கொஞ்சம் எடுத்து, கண்ணை மூடி, தலையை ஆட்டினார்.

"சமையல் மீனோட கேரக்டரை மறைக்கக் கூடாது. இங்க பாருங்க, வஞ்சிரத்தோட அந்த ஃபர்ம்னெஸ். இது வேற எந்த மீன்லயும் வராது. கண்ண மூடிக்கிட்டு சொல்லலாம், வஞ்சிரம்னு."

கை தட்டினார்கள். நாற்பது பேராவது அவர் சொன்னதும் மென்று பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

கடைசி மேஜை ரோஸியுடையது. அதில் குழம்பு இல்லை. ஒரு எவர்சில்வர் தட்டில் சமைக்காத ஒரே ஒரு துண்டு மீன். தோல் ஓரத்தில் விரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு செதில் ஒட்டியிருந்தது.

"ஆன்ட்டி, டிஷ் எங்க?" என்றார் தாமோதரன்.

"நான் சமைக்கல சார். இது வஞ்சிரம் இல்ல. சீலா. சீலா நல்ல மீன்தான், நான் வாங்கி சமைக்கிறதுதான். ஆனா அது வேற, இது வேற. வஞ்சிரத்துக்கு ஏது செதிலு? உங்கள யாரோ ஏமாத்திருக்காங்க. எங்க கிட்ட நீங்க வஞ்சிர விலை வாங்கியிருக்கீங்க."

பென்னி முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு கேமராப் பையனைப் பார்த்தார். பையன் கேமராவைத் தாழ்த்தினான்.

தாமோதரன் சிரித்தார். "ஆன்ட்டி, காம்ப்படிஷன்ல பயமா இருந்தா வித்ட்ரா பண்ணிக்கலாம். இப்படிச் சொல்லணும்னு இல்ல. சரி, நமக்கு எக்ஸ்பர்ட் இருக்காங்களே. கேட்டுடுவோம்."

எக்ஸ்பர்ட் என்றது குப்பம்மாவை. கடற்கரைச் சமூகத்தைக் கௌரவிக்கிறோம் என்று அன்று அவளுக்குப் பொன்னாடை போடுவதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அன்னக்கூடையை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். பொன்னாடை ஏற்கெனவே அவள் தோளில் இருந்தது. பிளாஸ்டிக் வலைக்குப் பக்கத்தில் நின்றாள். தாமோதரன் மைக்கை நீட்டினார்.

"குப்பம்மா, நீங்கதான் கட் பண்ணீங்க. சொல்லுங்க. என்ன மீன்?"

அவள் மைக்கைப் பார்த்தாள். ரோஸியைப் பார்க்கவில்லை.

"வஞ்சிரந்தான் சார்."

"அந்தச் செதில்?"

"அது என் அருவாமனைல ஒட்டிகினு இருந்திருக்கும். வேற மீனோடது."

அதைச் சொல்லும்படி யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. தானே யோசித்துச் சொன்னாள். பொய்யையும் சுத்தமாக வெட்டித் தந்தாள்.

ரோஸி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த மீனு குப்பம்மா? மூணு வாரமா நீ இறால் தவிர ஒண்ணும் கொண்டுவரலையே."

குப்பம்மா பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள். ரோஸி என் பக்கம் திரும்பினார்.

"விக்கி, நீ பக்கத்துலதானே இருந்த. செதிலு சொரண்டினாளா இல்லையா?"

"எனக்கு மீனைப் பத்தித் தெரியாது மேடம்," என்றேன்.

வாரத்துக்கு இரண்டு நாள் குப்பம்மாவிடம் மீன் வாங்கித் தின்பவன் நான். அது ரோஸிக்குத் தெரியும். தட்டை எடுத்துக்கொண்டு லிஃப்டை நோக்கிப் போனார். லிஃப்டில் மீன் எடுத்துப்போகக் கூடாது என்று ஒருவர் நினைவூட்டினார்.

முதல் பரிசு மால்வணத்து ஜோடிக்கு. இரண்டாம் பரிசு கோழிக்கோட்டு அம்மாளுக்கு. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் இன்றும் நினைக்கிறேன். மீன் தின்று வளர்ந்தவர். ஆனால் பரிசு ஏர் ஃப்ரையர்.

மறுநாள், 'ஓர் உறுப்பினர் ஆதாரமில்லாத குற்றச்சாட்டால் விழாவின் மகிழ்ச்சியைக் குலைத்தது வருத்தத்துக்குரியது' என்று குழுவில் தட்டிப் போட்டேன். எண்பத்தேழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

குப்பம்மாவுக்கு அனுமதி கிடைத்தது. தடைக்காலம் முடிந்து, ஜூன் மூன்றாம் ஞாயிறு அவள் பின்கேட்டு வழியாக உள்ளே வந்து குழாயடியில் மனையைப் போட்டாள். ஆஸ்பெஸ்டாஸ் நிழல், கையெட்டும் தூரத்தில் தண்ணீர். கமிட்டி ஒரு பலகையும் மாட்டியிருந்தது: 'ஸ்டாண்டர்டு கட் மட்டும். காத்திருக்கும் நேரத்தைக் குறைப்போம்.'

முதல் நாள் நல்ல வஞ்சிரம் கொண்டுவந்திருந்தாள். அன்று விடியற்காலை இறங்கியது. கண் பளபளவென்று இருந்தது, செவுள் ரத்தமாகச் சிவந்திருந்தது. எல்லாம் விற்றது. சாயங்காலம் குழுவில் வர ஆரம்பித்தது.

'ஃபெஸ்ட்ல சாப்பிட்ட மாதிரி இல்லையே.'

'அந்த ஃபர்ம்னெஸ் மிஸ்ஸிங்.'

'தோலில் புள்ளி புள்ளியாக இருக்கிறது. பழைய மீனா? யாராவது செக் பண்ணுங்க.'

'தலையோடு எடை போடுகிறார். தாமோதரன் சார் எடுத்த ரேட்டும் குவாலிட்டியும் இதில் இல்லை.'

திங்கட்கிழமை தாமோதரன் என்னைக் கூப்பிட்டார். "குவாலிட்டி மெயின்டெய்ன் பண்ணச் சொல்லு. ஃபெஸ்ட்ல வந்த அதே வஞ்சிரம் வேணும். இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்தா பெர்மிஷன் ரிவ்யூ பண்ண வேண்டியிருக்கும்."

குப்பம்மாவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். பின்னால் கோவளத்துக் காற்று போனில் இரைந்தது.

"புள்ளிய அழுகலுன்னாங்களா?"

"ஆமா."

"த்தூ," என்றாள். "நல்லதக் குட்த்தா நாறுதுன்றானுங்கோ. இன்னா பேஜார்டா இது." பிறகு, "சீலாவ எட்டாந்தா இன்னா மீனுன்னு கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க."

"தலய வெட்டிட்டு எட்டாரணுமா?"

"தலைய வெட்டிட்டுத்தான்."

அடுத்த ஞாயிறு அன்னக்கூடை நிறையத் தலையில்லாத சீலா. வரிசையில் பதினான்கு பேர். குப்பம்மா யாரிடமும் எதையும் கேட்கவில்லை. பலகையில் எழுதியிருப்பது போல வெட்டினாள், வஞ்சிர விலைக்குக் கொடுத்தாள். வாங்கியவர்கள் மோந்து பார்த்து, இதுதான் என்றார்கள். நான் ஷெட் ஓரத்தில் நின்று, வரிசை நீளாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் என் வேலைதான்.

ரோஸி ஒரு எவர்சில்வர் தட்டோடு வந்து வரிசையில் நின்றார். அந்த விழாவுக்குப் பிறகு இப்போதுதான் அவர் மீன் வாங்க இறங்குகிறார். முறை வந்ததும் கூடையைக் காட்டினார்.

"குப்பம்மா, சீலா ஒரு கிலோ குடு."

பின்னால் நின்றவர் சிரித்தார். "ஆன்ட்டி இன்னும் விடல போலிருக்கு. அது வஞ்சிரம் ஆன்ட்டி."

இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள். ரோஸி திரும்பவில்லை. குப்பம்மா ஒரு மீனை எடுத்துத் தராசில் வைத்தாள். ரோஸி பணத்தை நீட்டினார். சீலா விலை. மற்றவர்கள் கொடுத்ததில் பாதிக்கும் குறைவு. குப்பம்மா வாங்கி, எண்ணாமல் மடியில் செருகினாள்.

மீனை மனைக்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"கொழம்புக்கா ரோஸிம்மா, வறுவலுக்கா?"

அன்று காலையிலிருந்து அவள் கேட்ட முதல் கேள்வி.

"கொழம்புக்கு," என்றார் ரோஸி. "செதில சொரண்டாத. அப்படியே வெட்டிக் குடு. நான் பாத்துக்குறேன்."

குப்பம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு வெட்டினாள். ஒவ்வொரு துண்டும் தோலில் செதிலோடு, வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு, தட்டில் விழுந்தது. ரோஸி பை கேட்கவில்லை. தட்டைத் திறந்தபடியே கையில் பிடித்துக்கொண்டு, வரிசையின் ஓரமாக, ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராக மெல்ல நடந்து போனார்.

எல்லோரும் பார்த்தார்கள். அடுத்து நின்றவர் இரண்டு கிலோ வஞ்சிரம் கேட்டார்.